ஃப்ரீ விபிஎன் விஷயத்துல நாம பண்ற தப்புங்க

போன மாசம் சித்தி ஃபோனைக் கொண்டுவந்து "சார்ஜே நிக்க மாட்டேங்குதுப்பா, என்னன்னு பாரு"ன்னு கொடுத்தாங்க. ஸ்க்ரீன் மேல ஓரத்துல சின்னதா ஒரு சாவி ஐகான். எப்பவோ ஒரு சைட் ஓபன் ஆகலன்னு யாரோ ஃப்ரீ விபிஎன் (நம்ம இன்டர்நெட்ட இன்னொருத்தரோட சர்வர் வழியா சுத்தி அனுப்புற ஆப்) போட்டுக் கொடுத்திருக்காங்க, அது எட்டு மாசமா ஆன்லயே கிடக்கு, சித்திக்கு அப்படி ஒண்ணு ஓடுறதே தெரியாது.

தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. விபிஎன் போட்டா நம்மள யாரும் பாக்க முடியாதுன்னு நெனச்சுக்கறோம். வைஃபை வச்சிருக்கறவருக்கும் சிம் கம்பெனிக்கும் தெரியாது, அது வரைக்கும் சரி. ஆனா அவங்க பாத்துட்டு இருந்தத இப்ப விபிஎன்காரன் பாக்கறான், அவ்ளோதான் வித்தியாசம். சிம் கம்பெனிக்காவது ஒரு அட்ரஸ் இருக்கு, கேள்வி கேக்க ஒரு சட்டம் இருக்கு. இவன் யாரு? நிறைய ஆப்ல டெவலப்பர் பேருக்கு கீழ ஒரு இலவச ஈமெயில் ஐடியத் தவிர வேற ஒண்ணும் இருக்காது.

இப்ப எல்லா சைட்டும் ஹெச்டிடிபிஎஸ்தானே, அதாவது நமக்கும் சைட்டுக்கும் நடுவுல போறத பூட்டித்தானே அனுப்புதுன்னு கேப்பீங்க. கரெக்ட், பாஸ்வேர்டையோ மெசேஜையோ படிக்க முடியாது. ஆனா எந்த சைட்டுக்கு எத்தன மணிக்கு போனீங்கன்னு தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் கடன் ஆப், வேலை தேடுற சைட், மனநல டாக்டர் சைட்டுன்னு மாத்தி மாத்தி போறார்னா உள்ள என்ன படிச்சார்னு தனியா பாக்கணுமா என்ன. இதுல ஏதாவது ஒரு ஆப் "இந்த சர்ட்டிஃபிகேட்டயும் இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு கேட்டா அங்கயே நிறுத்திடுங்க, அத போட்டுட்டா பூட்டின டிராஃபிக்கையும் திறந்து பாக்க வழி கிடைச்சிடும்.

அடுத்தது, பில்லு யார் கட்றாங்கன்னு யோசிக்காம விடறது. சர்வர் வாடகை, பேண்ட்வித் எல்லாம் மாசா மாசம் காசு. விளம்பரம் போட்டு சம்பாதிச்சா கூட பரவால்லங்கலாம், அதத் தாண்டியும் நடந்திருக்கு. ஹோலான்னு ஒரு ஃப்ரீ விபிஎன், 2015ல வெளிய வந்த கதை, ஃப்ரீ யூசர்ஸோட இன்டர்நெட் கனெக்‌ஷனயே லூமினாட்டிங்கற சர்வீஸ் மூலமா மத்தவங்களுக்கு வித்துட்டு இருந்தாங்க. அதாவது முகம் தெரியாத ஒருத்தன் பண்ற வேலை உங்க ஐபி அட்ரஸ்ல (இன்டர்நெட்ல உங்க கனெக்‌ஷனோட அடையாள நம்பர்) பதிவாகும். இதவிட மோசம் 911 எஸ்5ங்கற மோசடி நெட்வொர்க், மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் மாதிரி இலவச ஆப் வழியா கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சு, 1 கோடியே 90 லட்சம் ஐபிக்கு மேல மோசடிக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க, 2024 மே மாசம்தான் அமெரிக்கா அத முடக்குச்சு. பெரிய கம்பெனின்னா பயமில்லன்னும் சொல்ல முடியாது. ஃபேஸ்புக் 2013ல வாங்கின ஓனாவோங்கற கம்பெனியோட விபிஎன் ஆப், "பாதுகாப்பு"ன்னு சொல்லிக்கிட்டே எந்தெந்த ஆப்ப எவ்ளோ நேரம் யூஸ் பண்றோம்னு கணக்கெடுத்து போட்டிக் கம்பெனிகள நோட்டம் விட்டுச்சு, ஆஸ்திரேலிய கோர்ட் 2023ல அதுக்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு.

"நோ லாக்ஸ்"னு எழுதியிருந்தா அப்படியே நம்பறது இன்னொண்ணு. 2020ல ஹாங்காங் பக்கத்து 7 விபிஎன், எல்லாமே நாங்க எதையும் சேமிக்கலன்னு சத்தியம் பண்ணினவங்க, 1 டெராபைட்டுக்கு மேல யூசர் டேட்டாவ பாஸ்வேர்டு கூட போடாத சர்வர்ல வச்சிருந்தது வெளிய வந்துச்சு. வெளியாள் வந்து ஆடிட் பண்ணி ரிப்போர்ட் போட்டிருக்காங்களான்னு பாருங்க. ஆப் ஸ்டோர்ல வர்ற "டேட்டா சேஃப்டி" பகுதியும் டெவலப்பரே எழுதிக் கொடுக்கறதுதான், ஸ்டார் ரேட்டிங் பத்தி சொல்லவே வேணாம்.

பர்மிஷன் கேக்கறப்ப கண்ண மூடிட்டு ஓகே தட்டறோமே, அதான் எனக்கு ரொம்ப எரிச்சல். விபிஎன்னுக்கு எஸ்எம்எஸ் எதுக்கு, கான்டாக்ட்ஸ் எதுக்கு? 2016ல ஆஸ்திரேலியாவோட அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ ஆளுங்க 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்ப பிரிச்சு மேஞ்சாங்க, 38 சதவீதத்துல மால்வேர் அறிகுறி, 18 சதவீதம் டிராஃபிக்க என்கிரிப்ட்டே பண்ணல! பழைய ஆய்வுதான், ஆனா பூட்டே இல்லாத பூட்டுக்கடை இன்னிக்கும் இருக்காதுன்னு யார் சொன்னா.

அதுக்காக ஃப்ரீன்னாலே திருட்டுன்னு சொல்ல வரல. ப்ரோட்டான் விபிஎன்னோட ஃப்ரீ ப்ளான் காசு கட்றவங்க பணத்துல ஓடுது, அதனால ஒரே ஒரு டிவைஸ்தான், நாட்டையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. இந்த மாதிரி குறைச்சுக் கொடுக்கறவங்க மேலதான் எனக்கு நம்பிக்கை, எல்லாமே அன்லிமிடெட்னு கூவறவன் மேல இல்ல.

எடுக்கறப்பவும் ஐகான மட்டும் தூக்கிட்டு விட்டுடாதீங்க, செட்டிங்ஸ்ல விபிஎன் பக்கம் போய் பழைய ப்ரொஃபைல் எதுவும் உக்காந்திருக்கான்னு பாத்து அழிச்சிடுங்க. சித்தி ஃபோன்ல அதயும் எடுத்தேன். "அப்போ அந்த சைட்ட எப்படிப்பா பாக்கறது"ன்னாங்க, சும்மா தட்டிப் பாத்தோம், விபிஎன் இல்லாமயே ஓபன் ஆச்சு.