"லிவர்பூலில் யார் பெரிய ஆள்?": புரோட்டாக் கடை வாதத்தை ஒழுங்காக நடத்தும் முறை

குளிர்காலத்தில் இங்கிலாந்தின் சனிக்கிழமைக் காற்பந்து ஆட்டம் சிங்கப்பூர் நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கும். முடியும்போது கடைசி எம்ஆர்டி ரயில் போயிருக்கும். தே தாரிக் மேசைக்கு வந்ததும் ஒருவர் ஆரம்பிப்பார்: "லிவர்பூல் சரித்திரத்திலேயே ஜெரார்டுதான் மச்சான்." எதிரில் இருக்கும் பெரியவர் விடமாட்டார்: "டால்கிளிஷ் ஆடி நீ பார்த்திருக்கியா தம்பி?" லிவர்பூல் காற்பந்துக் கிளப்பில் டால்கிளிஷ் 70, 80களின் நட்சத்திரம், ஜெரார்ட் 2000களின் நட்சத்திரம். அரை மணி நேரம் கழித்தும் பேசுகிற இருவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், சத்தம் மட்டும் கூடியிருக்கும்.

இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லாததுதான் கோளாறு. உச்சத்தில் யார் அபாரமாக ஆடினார், இந்தக் கிளப்புக்கு யார் அதிகம் கொடுத்தார், யாரை நமக்கு அதிகம் பிடிக்கும் என்று மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. முதல் கேள்வி என்றால் லூயிஸ் சுவாரெஸை ஒதுக்கவே முடியாது. 2013-14 பருவத்தில் 33 லீக் ஆட்டங்களில் 31 கோல், அதில் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. மூன்றாவது கேள்வியில் வாதாட எதுவும் இல்லை. இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில்தான் ஆதாரம் காட்ட முடியும், தோற்கவும் முடியும்.

பெயர் சொல்வதற்கு முன் விதி

யாரும் பெயர் சொல்வதற்கு முன்பே விதியை முடிவு செய்துவிட வேண்டும். பெயர் வந்த பிறகு விதி பேசினால், அவரவர் ஆளுக்கு ஏற்றபடி வளைப்பார்கள். குறைந்தது 200 ஆட்டம் என்று வைத்தால் போதும். 133 ஆட்டங்களில் 82 கோல் அடித்த சுவாரெஸ் அதோடு வெளியே போய்விடுவார். வருத்தம்தான், ஆனால் மூன்றரைப் பருவத்தில் கிளம்பியவரைக் கிளப்பின் ஆகப் பெரியவர் என்று நிறுத்துவது சிரமம்.

அடுத்து, இந்தச் சட்டையில் செய்தது மட்டுமே கணக்கு. ரோஜர் ஹன்ட் 1966இல் இங்கிலாந்து அணிக்காக வென்ற உலகக் கிண்ணமும், டால்கிளிஷ் ஸ்காட்லாந்தின் செல்டிக்கில் சேர்த்த பெயரும் வெளியே. பயிற்றுவிப்பாளராகச் செய்ததையும் தனியே வையுங்கள். இங்கே டால்கிளிஷ் ஒரு சிக்கல்: 1985-86இல் அவர் ஆட்டக்காரர், பயிற்றுவிப்பாளர் இரண்டுமாக இருந்தார். லீக், எஃப்ஏ கிண்ணம் இரண்டும் கிடைத்தன, லீக்கை உறுதிசெய்த கோலை செல்சி திடலில் அடித்ததும் அவரே. அந்தக் கோலைக் கணக்கில் சேருங்கள், அணியைத் தேர்ந்தெடுத்த மூளையைச் சேர்க்காதீர்கள். லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் இறந்த 1989 ஹில்ஸ்பரோ திடல் பேரிடருக்குப் பிறகு இறுதிச் சடங்குகளுக்குப் போய் அந்தக் குடும்பங்களோடு அவர் நின்றதை மேசையில் புள்ளிக்காக எடுக்கவே வேண்டாம்.

எண்கள் எங்கே ஏமாற்றும்

மொத்தக் கோல் என்றால் இயன் ரஷ்: 660 ஆட்டம், 346 கோல். கிளப் சாதனை. ஆனால் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் ரஷ் 0.52, ஹன்ட் (492 ஆட்டம், 285 கோல்) 0.58. உடனே ஹன்ட் கட்சிக்காரர் கையை உயர்த்துவார். அவரிடம் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். ஹன்ட் முதலில் ஆடிய பருவங்களில் லிவர்பூல் இரண்டாம் பிரிவில், அதாவது ஒரு படி கீழே, இருந்தது. 1961-62இல் மட்டும் அங்கே 41 லீக் ஆட்டங்களில் 41 கோல். அந்த லீக் ஆட்டங்களைக் கழித்தாலும் 451 ஆட்டத்தில் 244 கோல் நிற்கிறது, விகிதம் 0.54. ரஷ்ஷுக்கு இன்னமும் மேலேதான். ஒரு எண்ணைத் தூக்கிப்போடுவதற்கு முன் இப்படிக் கழித்துப் பார்ப்பதுதான் முறை. பாதி வாதம் இதிலேயே தெளிந்துவிடும்.

பில்லி லிடலின் கணக்கில் வேறு வகை ஓட்டை. 534 ஆட்டம், 228 கோல். 1939இல் ஒப்பந்தம் ஆனவர், போர் காரணமாக 1946இல்தான் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடினார். போர்க்கால ஆட்டங்கள் கணக்கில் வராது. 1954இல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் அவர் கிளப்பை விட்டுப் போகவில்லை. அவரிடம் ஒரே ஒரு லீக் பட்டம், 1947இல் வந்தது. கிண்ணம் எண்ணுகிறவர்கள் இவரை மறந்தே போவார்கள்.

கோல் கொடுத்தவர் கணக்கு, அதாவது அசிஸ்ட், பழைய காலத்துக்கு ஒழுங்காகக் கிடைக்காது. அதனால் முகமது சலாவின் 2024-25 பருவத்தை (29 கோல், 18 அசிஸ்ட், லீக் பட்டம்) டால்கிளிஷின் எந்தப் பருவத்தோடும் நேராக வைத்துப் பார்க்க முடியாது. டால்கிளிஷின் 515 ஆட்டம், 172 கோல் என்ற கணக்கில் அவர் ரஷ்ஷுக்கு வைத்துக்கொடுத்த பந்துகள் இல்லை. அவருடைய வேலையில் பாதி அதுதான்.

கோல்காப்பாளருக்கும் தற்காப்புக்காரருக்கும் எண் இன்னும் அநியாயம் செய்யும். 1978-79இல் லிவர்பூல் 42 லீக் ஆட்டத்தில் விட்ட கோல் வெறும் 16. அதற்கான பெருமை ரே கிளெமென்ஸுக்கா, ஆலன் ஹேன்சனுக்கா, முன்னால் நின்று பந்தைப் பறித்த சூனெஸுக்கா? பிரித்துக் கொடுக்க வழியில்லை. எனவே மேசையில் ஒருவராவது பின்வரிசை ஆட்டக்காரரை முன்மொழிய வேண்டும் என்று விதியே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோல் அடித்தவர்கள் பெயர் மட்டும்தான் வரும்.

கிண்ணம் எண்ணும் பழக்கம்

"ஜெரார்ட் லீக் ஜெயிச்சாரா லா?" இது வந்தே தீரும். பதில்: இல்லை. 2014 ஏப்ரலில் செல்சிக்கு எதிராக வழுக்கி விழுந்ததும் உண்மை. ஆனால் கிண்ணம்தான் அளவுகோல் என்றால் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஃபில் நீல் 8 லீக், 4 ஐரோப்பியக் கிண்ணங்களோடு எல்லாரையும் தாண்டி நிற்கிறார். அவரை முன்மொழிய ஒருவரும் வருவதில்லை. கிண்ணம் அணியுடையது என்று நமக்கே தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முடிவைத் தீர்மானித்த ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பேச்சு உருப்படும். ஜெரார்ட் 2001 யூஃபா கிண்ணம், 2003 லீக் கிண்ணம், 2005 சாம்பியன்ஸ் லீக், 2006 எஃப்ஏ கிண்ணம் ஆகிய நான்கு இறுதியாட்டங்களிலும் கோல் அடித்தவர். 2005 இஸ்தான்புல் ஆட்டம் இங்கே விடியற்காலை 2.45க்குத் தொடங்கியது. பாதி நேரத்தில் லிவர்பூல் 3-0 எனப் பின்தங்கியதும் டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் மேசையில் இருப்பார்கள். அவர்கள் அதை ஒப்புக்கொள்வது அபூர்வம். 54ஆவது நிமிடத் தலைமுட்டலைப் பிறகு பார்த்தவர்களுக்கும் அப்போதே பார்த்தவர்களுக்கும் ஜெரார்ட் மேல் உள்ள மதிப்பே வேறு. அந்தச் சாய்வைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டால்கிளிஷ் தரப்புக்கு நல்ல வாதம் 1977-78. ஐரோப்பியக் கிண்ணம் வென்ற கையோடு லிவர்பூலின் முன்வரிசை நட்சத்திரம் கெவின் கீகன் ஜெர்மனிக்குப் போனார். 4,40,000 பவுண்டுக்கு வந்த டால்கிளிஷ் அடுத்த ஆண்டே கிளப் புரூஹா அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஒரே கோலை அடித்துக் கிண்ணத்தை மறுபடியும் கொண்டுவந்தார். இதை எதிர்ப்பவர், அணி ஏற்கெனவே வலுவாக இருந்தது என்பார். அதுவும் சரிதான். ஜெரார்டுக்கு அப்படிப்பட்ட அணி பல பருவங்களில் அமையவில்லை. இந்த இடத்தில்தான் வாதம் உண்மையிலேயே கடினம், நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

மேசையில் நடத்துவது

ஐந்து பேர் போதும். ஏழு பேரானால் இரண்டு வாதம் தனித்தனியாக ஓடும். ஆளுக்கு ஒரு பெயர், மூன்று நிமிடம், கைப்பேசியில் கடிகாரம். மற்ற கைப்பேசிகள் கவிழ்ந்தே இருக்கட்டும், எண் சரிபார்க்க மட்டும் ஒருவர் எடுக்கலாம். பேசத் தொடங்கும் முன், முந்தியவர் சொன்னதில் வலுவான ஒரு கருத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் ஆளைப் பற்றிப் பேச வேண்டும்.

நடுவராக மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் ஒருவரை உட்காரவையுங்கள். கேலி செய்வார், பரவாயில்லை. யார் காலில் பந்து வந்தபோது அவருக்கு வயிறு கலங்கியது என்று கேளுங்கள். உங்கள் அணி ஆட்களிடம் அந்தப் பதில் கிடைக்காது.

ஓட்டு தாளில், ரகசியமாக. முதல் மூன்று பெயருக்கு 5, 3, 1 புள்ளி, தன் ஆளுக்குத் தானே போடக்கூடாது. இதில் ஒரு தில்லுமுல்லு நடக்கும்: கடும் போட்டியாளரை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். பட்டியலில் வராத பெயருக்கு ஒரு வரிக் காரணம் எழுதச் சொன்னால் கை தயங்கும்.

பெரியவர்களிடம் "நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று மடக்க வேண்டாம், அவர்களும் இளையவர்களை அப்படி மடக்க வேண்டாம். 70களில் இங்கே நேரடியாகக் கிடைத்த ஆட்டங்கள் குறைவு. பெரியவர் மனதில் இருப்பதும் பெரும்பாலும் இறுதியாட்டங்கள், இளையவர் கையில் இருப்பது யூடியூப் துணுக்குகள். துணுக்கில் இழந்த பந்து தெரியாது. ஒரு முழு ஆட்டத்தைப் போட்டு அந்த ஒருவரை மட்டும் 90 நிமிடம் கண்ணால் தொடருங்கள். பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார், எத்தனை முறை பறிகொடுக்கிறார் என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

பழக்கத்துக்கு இதே விதிகளை மலேசியக் கிண்ணத்தில் ஆடிய நம் சிங்கப்பூர் அணிமேல் போட்டுப் பாருங்கள். ஃபாண்டி அகமது 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் கிளப்புக்காக இன்டர் மிலானுக்கு எதிராக அடித்த கோலை எல்லாரும் முதலில் எடுப்பார்கள், அது இங்கே செல்லாது. 1980 இறுதியாட்டத்தில் சிலாங்கூருக்கு எதிராக அவர் அடித்த வெற்றி கோல் செல்லும். 1994 இறுதியாட்டத்தில் பகாங்கை 4-0 என வென்றபோது மூன்று கோல் அடித்த அப்பாஸ் சாத் ஆஸ்திரேலியர், அவரைச் சேர்ப்பதா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சுந்தரமூர்த்தி கட்சிக்காரர்கள் 1993இல் புருணைக்கு எதிரான சைக்கிள் கிக்கோடு வருவார்கள். கோல் அழகு என்பதற்கு எத்தனை புள்ளி என்று கேளுங்கள். பழைய ஆட்ட விவரத்துக்குத் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இருக்கிறது, தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு.

முடிவு வந்ததும் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் "நான் ஹன்டுக்குத்தான் போட்டேன்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார்.