‘சும்மா ஒரு விசாரணை’ என்று போலீஸ் கூப்பிட்டால்: பலரும் செய்யும் தவறுகள்

“சும்மா ஒரு விசாரணைதான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க.” வாசலில் நின்று ஒரு காவலர் இப்படிச் சொன்னதும் நம்மில் பெரும்பாலோர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எந்த வழக்கு, கூப்பிடும் அதிகாரி யார், என்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, குற்றம் செய்தவனாகச் சந்தேகிக்கிறார்களா என்று கேட்பதே இல்லை. முதல் தவறு இதுதான். சாட்சியாக வரச்சொன்னால் எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்திலேயேதான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விருப்பப்பட்டு ஸ்டேஷனுக்குப் போனால் அது வேறு.

சந்தேக நபர் என்றால் கதை மாறுகிறது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது தேவையில்லாத இடத்தில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தருவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 35-ஆவது பிரிவு. இந்த நோட்டீஸை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, ‘பார்த்துக்கலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். போகாமல் இருந்தால், அதையே காரணமாகக் காட்டிக் கைது செய்யச் சட்டம் இடம் தருகிறது.

அடுத்து, 24 மணி நேரம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. இது பலருக்கும் தெரியும். அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதில்தான் சிக்கல் வருகிறது. காலை 9 மணிக்குக் கூட்டிப்போய், இரவு 8 மணிக்குக் கைது என்று எழுதினால் 11 மணி நேரம் காகிதத்தில் காணாமல் போய்விடும். அதனால் கிளம்பும்போதே வீட்டில் ஒருவருக்கு ‘இத்தனை மணிக்கு, இன்ன ஸ்டேஷனுக்கு, இன்னாருடன்’ என்று மெசேஜ் போட்டுவிடுங்கள். கைதுக் குறிப்பில் உங்கள் கையெழுத்தும், குடும்பத்தினரோ அந்தப் பகுதிப் பெரியவரோ ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் வந்த இந்த விதி இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதிலுள்ள நேரத்தைப் பாருங்கள்.

கைதுக்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எல்லாக் குற்றங்களுக்கும், கைதானவருக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. வெள்ளைத் தாளில் போடவே கூடாது. விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. ‘போலீஸிடம் ஒப்புக்கொண்டாலும் கோர்ட்டில் செல்லாது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம்’ என்ற நினைப்பும் ஆபத்தானது. நீங்கள் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பேச்சு மட்டும் சாட்சியமாக உள்ளே வரும். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அரசியலமைப்பின் 20(3) பிரிவு உரிமை தருகிறது. ஆனால் பெயரையும் முகவரியையும் சொல்ல மறுப்பது இதில் சேராது.

சோதனை விஷயத்தில்தான் சினிமா நம்மை அதிகம் கெடுத்திருக்கிறது. ‘வாரண்ட் எங்கே?’ என்று கேட்டுக் கதவை மறித்து நிற்பார் ஒருவர். வாரண்ட் வாங்கும் அவகாசம் இல்லாதபோது, விசாரணை அதிகாரி காரணத்தை எழுதி வைத்துவிட்டு நேரடியாகச் சோதனை போட முடியும். மறித்தால் அரசு ஊழியரைத் தடுத்ததாகத் தனி வழக்கு வரும். சரி, முறைகேடான சோதனையில் எடுத்தது கோர்ட்டில் செல்லாதே என்றால், அது அமெரிக்க வழக்கம். இங்கே, பொருத்தமான சாட்சியமாக இருந்தால் எடுத்த விதத்துக்காக மட்டுமே அதைத் தள்ளிவிட முடியாது என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. எனவே வாய்ச்சண்டையால் பயனில்லை. கூடவே நின்று கவனியுங்கள். அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு தொடர்பில்லாத சாட்சிகள் இரண்டு பேராவது இருக்கிறார்களா? வீடியோ எடுக்கிறார்களா? எடுத்த பொருள் எல்லாம் மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில், ஏறியதா? மகஜரின் நகலை வாங்காமல் விடாதீர்கள். பெண்ணின் உடலைச் சோதிக்கப் பெண் காவலர்தான் வர வேண்டும்.

இனி குற்றம் செய்துவிடாமல் தடுக்க முன்கூட்டியே அடைத்து வைக்கும் குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலில் 24 மணி நேர விதி பொருந்தாது. அங்கே காவல் ஆணையின் காரணங்களைப் பெற்று, தாமதிக்காமல் அரசுக்கு எதிர்மனு அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலிப்பது, மாஜிஸ்திரேட் முன்னால் வாய் திறக்காமல் நிற்பதுதான். பக்கத்திலேயே காவலர் நிற்பதால் பயம், அது புரிகிறது. 2020-இல் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் ரிமாண்டுக்குப் பின், அதாவது மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பிய பின், அடுத்தடுத்து இறந்துபோனார்களே, அதன் பிறகும் இந்தக் கட்டத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்க முடியுமா? அடித்தார்கள் என்றால் எங்கே, எதனால், எப்போது என்று சொல்லுங்கள். காயத்தைக் காட்டுங்கள். அதைப் பதிவு செய்து மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அதையும் அங்கேயே சொல்லலாம். இலவசமாக ஒருவரை அமர்த்தித் தருவது அரசின் கடமை. வெளியே இருக்கும் குடும்பத்தார் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்க, ரிமாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.