லூப் இல்லாமல் கார்டு வாங்காதீர்கள்

போக்கிமான் விளையாட்டின் சாரிசார்ட் கார்டை முதன்முதலில் நான் வாங்கியது பளபளப்பை நம்பி. போலி. அன்றிலிருந்து சட்டைப்பையில் 30 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று குடியிருக்கிறது.

அசல் கார்டின் வண்ணப் பகுதியை அதில் பார்த்தால், நுண்புள்ளிகள் பூப்போல வட்டம் கட்டியிருக்கும். கறுப்பு எழுத்து மட்டும் தனி மையில், ஓரம் பிசிறாமல் இருக்கும். எழுத்தும் புள்ளி புள்ளியாக உதிர்ந்தால் ஸ்கேன் செய்து அடித்தது. 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டின் கார்டா? பின்பக்கப் பச்சை உருண்டைக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் 'எல்' வடிவில் தெரிய வேண்டும். சிலர் கிழித்துப் பார்க்கச் சொல்வார்கள். அசலாக இருந்துவிட்டால் என்ன செய்வதாம்?

1999 ஆங்கில போக்கிமான் பேஸ் செட்டில் (முதல் கார்டுத் தொகுப்பில்) 'முதல் பதிப்பு' முத்திரைதான் விலையை ஏற்றுவது. அதனாலேயே அதைப் பிற்பாடு குத்துகிறவர்களும் உண்டு. படச்சட்டத்தின் வலப்பக்கம் நிழலும் இருந்து, முத்திரையும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மச்சாம்ப் என்ற கார்டு மட்டும் விதிவிலக்கு. அதில் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கிறது.

விற்பவர் கேட்கிற விலை விலையே அல்ல. ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, அதே பதிப்பு, அதே நிலையில் உள்ள கடைசி ஐந்தாறைப் பாருங்கள். ஒன்று மட்டும் எகிறியிருந்தால் தள்ளிவிடுங்கள்.

கார்டுகளைச் சோதித்துத் தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் பெட்டியில் வந்தால் சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போடுங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். தளத்தில் படம் இருந்தால் கீறல், ஓர இடைவெளி வரை ஒப்பிடுங்கள்.