சப்வூஃபரின் நேரத்தைச் சரிசெய்ய, சத்தம் குறையும் இடத்தைத் தேடுங்கள்

சப்வூஃபரின் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) ஒலியும் மெயின் ஸ்பீக்கர்களின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வர வேண்டும். அதற்கு முதலில் சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் சுவிட்ச்) 180க்குத் திருப்புங்கள். கிராஸ்ஓவர் (மெயின் ஸ்பீக்கரிலிருந்து சப்வூஃபருக்கு ஒலி மாறும் அதிர்வெண்) 80 ஹெர்ட்ஸ் என்றால், அதே 80 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே அதிர்வெண் மட்டுமே உள்ள சோதனை ஒலி) மெயின் ஸ்பீக்கரிலும் சப்வூஃபரிலும் சேர்த்து மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் மொபைலின் ஒலி அளவு செயலியை வையுங்கள். ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) சப்வூஃபர் தூரத்தை, டேப்பில் அளந்த தூரத்தில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அளவு மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் நிறுத்தி, சுவிட்சை மறுபடி 0வுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

எதிரெதிர் ஃபேஸில் உள்ள இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால்தான் ஒன்றை ஒன்று நன்றாக அழிக்கும். ஒலி கூடும் உச்சம் அகலமானது, காதால் பிடிப்பது கடினம். அழியும் பள்ளமோ கூர்மையானது, சட்டென்று தெரியும். கிடைக்கும் தூரம் அளந்ததைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் ஃபில்டரும் டிஎஸ்பியும் (டிஜிட்டலாக ஒலியை மாற்றும் சிப்) ஒலியைத் தாமதப்படுத்துகின்றன, 1 மில்லிசெகண்ட் என்பது சுமார் 34 செ.மீ. தயவுசெய்து அதை டேப் அளவுக்குத் "திருத்தி" விடாதீர்கள். ஆனால் 80 ஹெர்ட்ஸுக்கு ஒரு அலைநீளம், அதாவது 4.3 மீட்டர் தள்ளி இன்னொரு பள்ளமும் வரும், முதலில் வருவதையே எடுங்கள்.

உட்காரும் இடத்தில் அறையே 80 ஹெர்ட்ஸை விழுங்கினால் இந்த வழி உதவாது. இரண்டு சப்வூஃபர் இருந்தால், முதலில் அவை இரண்டையும் ஒன்றோடொன்று சரிசெய்துவிட வேண்டும்.