கிம்பலைத் தொடும் முன் ஒரு சொம்புத் தண்ணீர்

ஒரு சொம்பில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து, நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வீட்டுக்குள் வழக்கமாக நடக்கிற மாதிரி ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். தரையில் எங்கெல்லாம் தண்ணீர் சிந்தியிருக்கிறதோ அங்கெல்லாம், கேமரா குலுங்காமல் இருக்க மாட்டிப் பிடிக்கிற கைக்கருவியான கிம்பலில் நீங்கள் எடுக்கும் ஷாட் குலுங்கப்போகிறது. குறும்படம் எடுக்கப்போகிறேன், கிம்பல் எப்படிப் பிடிப்பது என்று கேட்டு வருகிற தம்பிகள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம் இருக்கிறது. கிம்பலில் மூன்று மோட்டார். கேமரா இடவலமாகத் திரும்புவதை ஒன்று, மேலும் கீழும் தலையாட்டுவதை ஒன்று, பக்கவாட்டில் சாய்வதை ஒன்று என்று பிரித்துக்கொண்டு கவனிக்கும். பான், டில்ட், ரோல். கை நடுங்கினால் இந்த மூன்றும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். ஆனால் நீங்கள் காலை ஊன்றும்போது கேமரா மொத்தமாக ஓர் அங்குலம் மேலே போய்க் கீழே இறங்குகிறதே, அதைத் தடுக்க அந்தக் கருவியில் ஒன்றும் கிடையாது. கிம்பலுக்கு முன்பே வந்த ஸ்டெடிகேம் என்ற கருவியில் உடம்போடு கட்டிய கவசமும் ஸ்பிரிங் வைத்த கையும் இருப்பதால் அந்தக் குலுக்கத்தின் பெரும்பகுதியை அது தாங்கிக்கொள்ளும். கையில் பிடிக்கிற கிம்பலுக்கு ஸ்பிரிங் உங்கள் முழங்கால்தான்.

கையில் காசில்லாமல் படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கருவி எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு கதாபாத்திரத்தோடு கூடவே கேமரா நகரவேண்டும் என்றால் தண்டவாளம் மாதிரி டிராக் போட வேண்டும், அதில் ஓட டிராலி வேண்டும், அதை ஏற்றி வர வண்டி, தரையைச் சமப்படுத்த மரக்கட்டைகள், தள்ள ஆட்கள், அத்தனை பேருக்கும் பேட்டா, சாப்பாடு. 1970களின் நடுவில் அமெரிக்காவில் காரெட் பிரவுன் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்தபோது டிராக் இல்லாமல் படி ஏறலாம், சந்தில் ஓடலாம் என்று ஆனது. ஆனாலும் அது பெரிய படங்களுக்கான கருவியாகத்தான் இருந்தது, அதை இயக்கவே தனிப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். 2013இல் ஃப்ரீஃபிளை நிறுவனத்தின் மோவி கிம்பல், மறு வருடம் டிஜேஐயின் ரோனின், அப்புறம் ஒற்றைக் கைப்பிடியோடு வந்த சின்னச் சின்ன கிம்பல்கள் என்று வந்த பிறகுதான் விஷயம் நம் கைக்கு எட்டியது. 2015இல் வெளிவந்த ‘டாஞ்சரின்’ படத்தை ஐஃபோன் 5எஸ்ஸில் எடுத்தார்கள், அதற்குப் பயன்பட்டது மோட்டாரே இல்லாத, எடையை வைத்துச் சமன் செய்கிற ஒரு சின்ன ஸ்டெடிகேம். அந்தப் படம் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழா வரைக்கும் போனது.

சரி, வேலைக்கு வருவோம்.

வருடத்துக்கு இரண்டு படம் எடுப்பவர் என்றால் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். அந்தக் காசை நடிகர்களின் சாப்பாட்டுக்கும் ஒரு நல்ல மைக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, உங்கள் கேமராவை மாட்டி, ஆன் செய்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். ஒருமுறை நான் அப்படிப் பார்க்காமல் வந்து, சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்தால், கேமராவுக்கு அடியில் மாட்டுகிற பிளேட் இல்லை. கையகலம்கூட இல்லாத ஒரு உலோகத் துண்டு. அது இல்லாமல் மற்ற எதுவும் பயன்படாது. அன்று மதியம் வரைக்கும் முக்காலியில் வைத்து எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்தோம். பிளேட், அதற்கான கால் அங்குலத் திருகு, சார்ஜ் வயர், லென்ஸைத் தாங்கும் முட்டு, நான்கையும் கண்ணால் பாருங்கள்.

எடைக் கணக்கு முக்கியம். கேமரா 650 கிராம், லென்ஸ் 500 கிராம், கிம்பல் ஒன்றேகால் கிலோ என்று வைத்தாலே இரண்டரைக் கிலோவை நெருங்கிவிடும். தூக்கிப் பார்க்கும்போது லேசாகத்தான் இருக்கும். அதையே உடம்பை விட்டு ஓரடி தள்ளிப் பிடித்துக்கொண்டு ஏழாவது டேக் போகும்போது தோள்பட்டை பேச ஆரம்பிக்கும். ஆகவே பெரிய ஜூம் லென்ஸை வீட்டில் வையுங்கள், அகலமாகப் பார்க்கிற, ஜூம் இல்லாத ஒரு சின்ன வைட் பிரைம் லென்ஸ் போதும். ஜூமில் இன்னொரு தொல்லை, திருகும்போது பலவற்றில் லென்ஸ் நீண்டுவிடும், போட்ட பேலன்ஸ் போய்விடும்.

பேலன்ஸ் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். மோட்டார் பலமானது, எப்படி மாட்டினாலும் தூக்கி நிறுத்திவிடும் என்று நினைக்கிறார்கள். நிறுத்தும், ஆனால் ஓயாமல் போராடிக்கொண்டே நிறுத்தும், உர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும், படத்தில் பொடிப்பொடியாக ஓர் அதிர்வு தெரியும், பேட்டரி சீக்கிரம் தீரும். கிம்பலை ஆஃப் செய்துவிட்டு பேலன்ஸ் போடுங்கள். அதற்கு முன்னால் கேமராவில் என்னென்ன இருக்கப்போகிறதோ அத்தனையும் மாட்டியிருக்க வேண்டும்: பேட்டரி, கார்டு, ஃபில்டர். லென்ஸ் மூடியைக் கழற்றிவிடுங்கள், திரை வெளியே விரிந்தபடி எடுப்பீர்கள் என்றால் இப்போதே விரித்துவிடுங்கள். முதலில் லென்ஸ் நேராகப் பார்க்கும்படி வைத்துக் கையை விடுங்கள். மூக்கைக் குத்திக்கொண்டு கீழே போனால் கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், வானத்தைப் பார்த்தால் முன்னால். அடுத்து லென்ஸை வானத்தைப் பார்க்க நிறுத்தி விடுங்கள், அப்படியே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது பக்கவாட்டுச் சாய்வு. கடைசியாக மொத்தக் கிம்பலையும் கைப்பிடி தரைக்கு இணையாக இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். கேமரா ஊஞ்சல் மாதிரி ஆடிக் கீழே தொங்கினால் பான் கையை நகர்த்த வேண்டும். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் பேலன்ஸ் விழுந்துவிட்டது என்று அர்த்தம். முதல்முறை அரைமணி நேரம் ஆகும். பழகிவிட்டால் ஐந்தே நிமிடம். எல்லாத் திருகுகளையும் இறுக்கியபின்தான் ஆன் செய்து, மோட்டாரின் பலத்தைக் கேமராவின் எடைக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனை ஓடவிட வேண்டும்.

ஃபோன் கிம்பலுக்கு இவ்வளவு கிடையாது. உறையைக் கழற்றிவிட்டு, ஃபோனை நடுவாக மாட்டினால் போதும். ஆனால் ஃபோனில் இருக்கிற ‘சூப்பர் ஸ்டெடி’ மாதிரியான வசதியை அணைத்துவிடுங்கள், ஒரே வேலையைக் கிம்பலும் ஃபோனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஃபிரேமின் ஓரங்கள் ஜெல்லி மாதிரி நெளியும். கேமராவில் வைட் லென்ஸோடு உள்ளேயிருக்கும், குலுக்கத்தைக் குறைக்கிற சென்சார் ஸ்டெபிலைசேஷனை ஆன் செய்தாலும் இதே நெளிவு வரலாம். இரண்டு விதமாகவும் ஒரு தடவை எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேமரா செட்டிங்கில் ஒன்றே ஒன்று கண்டிப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் ஒரு நொடிக்கு 100 முறை மின்னும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் அந்த மின்னல் படத்தில் விழாது. ஃபோன்கள் பல தாமாக 30 ஃபிரேமில் எடுக்கும், அதற்கேற்ற 1/60 ஷட்டரில் சுவரில் பட்டை பட்டையாக ஓடுவது இதனால்தான். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், அதில் ஷட்டரையும் ஃபோகஸையும் பூட்டி வைக்கலாம். ஃபோன்களில் பெரும்பாலும் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம், மாறாது, ஆகவே நல்ல வெயிலில் 1/50 வைத்தால் வெள்ளைக்காடாகிவிடும், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் வேண்டும். எஃப் 1.8 அப்பெர்ச்சரில் ஏழு ஸ்டாப் வரைக்கும் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகக் குறைவது.

ஃபோகஸ் பிடிக்கத் தனி ஆள் இல்லை என்றால் கணக்கு நமக்கு உதவும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 எம்.எம். லென்ஸ், எஃப் 5.6 அப்பெர்ச்சர், ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 1.3 மீட்டரிலிருந்து 4.8 மீட்டர் வரைக்கும் கூர்மையாக இருக்கும். நடிகரிடமிருந்து அந்த இடைவெளிக்குள் நீங்கள் நடந்தால் போதும், லென்ஸைத் தொடவே வேண்டாம். எஃப் 1.4இல் பின்னணி கரைந்து அழகாக இருக்கும்தான், ஆனால் நடந்துகொண்டே எடுக்கும்போது பாதி டேக் வீணாகும்.

இப்போது நடை. முழங்காலை லேசாக மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, குதிகாலை முதலில் வைத்து பாதத்தை மெல்ல உருட்டி இறக்குங்கள். பூனை மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடப்பது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது, தரை காலுக்குத் தெரியும், ஒலிப்பதிவிலும் சத்தம் விழாது. பின்னோக்கி நடக்க வேண்டுமானால் ஓர் ஆள் உங்கள் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வழிநடத்த வேண்டும், இதில் சமரசமே கூடாது. நீண்ட சாலை ஷாட்டுக்கு நடையை நம்பாதீர்கள். வீல்சேர், தள்ளுவண்டி, சென்னையில் என்றால் மீன்பாடி வண்டி, எதில் வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் இன்னும் மெதுமெதுவென்று போகும்.

நான் மேலே சொன்ன சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில், ஒரு வீட்டில், பிளேட் வந்து சேர்ந்த பிறகு எடுத்த ஷாட் இது. கொல்லையில் கிணற்றடி, அங்கிருந்து பின்கட்டு, முற்றம், கூடம் வரைக்கும் அப்பத்தா நடந்து வருகிறார், நான் பின்னாலேயே போகிறேன், வெட்டில்லாத ஒரே ஷாட். வழியில் இரண்டு நிலைப்படிகள், ஒவ்வொன்றும் அரையடி உயரம். முதல் ஐந்து டேக்கிலும் படியைத் தாண்டும்போது ஃபிரேம் எகிறி விழுந்தது. பலகை வைத்துப் பார்த்தோம், சத்தம் வந்தது. நடித்தவர் என் நண்பனின் சொந்த அப்பத்தா, அவர்தான் திரும்பிப் பார்த்து, “நான் மெள்ளத்தான்யா தாண்டுவேன், நீயும் காலைப் பாத்து மெள்ள வாய்யா” என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவர் ஒவ்வொரு படியிலும் நிலையைப் பிடித்து ஒரு நொடி நின்று, ஒரு காலை வைத்து, பிறகுதான் மறு காலை எடுக்கிறார். நான் மட்டும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். அவர் நிற்கும்போது நானும் நின்று, அவர் கூடத்துக்குள் இரண்டு எட்டு வைத்தபின் நான் படியைத் தாண்டினேன். ஒன்பதாவது டேக் ஓகே. எடுத்தது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வெயில் இறங்கியிருந்ததால் கொல்லைக்கும் பின்கட்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம் இல்லை. நடுப்பகலில் அதே ஷாட் எடுத்தால் வெளியே வெளுத்துவிடும், அல்லது உள்ளே கறுத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: எல்லா ஷாட்டையும் கிம்பலில் எடுக்காதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சியில் கேமரா காரணமில்லாமல் மிதந்துகொண்டிருந்தால் முகத்தில் கவனம் நிற்காது. சண்டை, பதற்றம், துரத்தல் என்றால் வெறும் கையில் எடுப்பதே நன்றாக இருக்கலாம். யாரோ நகர்கிறார்கள், அவர்களோடு நாமும் போக வேண்டும் என்கிற ஷாட்களை மட்டும் ஷாட் லிஸ்ட்டில் குறித்து, ஒரே அரைநாளில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகையும் ஒரு நாளோடு முடியும், முக்காலிக்கும் கிம்பலுக்கும் மாற்றி மாற்றி மாட்டுகிற நேரமும் மிஞ்சும்.

கிம்பலே எடுக்க முடியாதவர்களுக்கு: கேமராவின் அடியில் முக்காலி மாட்டுகிற துளையில் பொருந்தும் கால் அங்குலத் திருகு ஒன்று வாங்கி, அதில் உங்கள் உயரத்துக்குக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். நின்ற இடத்து ஷாட்டுக்கு இது அருமையாக வேலை செய்யும். மிச்சக் குலுக்கத்தை எடிட்டில் பார்க்கலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே குலுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருக்கிறது, ஆனால் அது ஓரங்களை வெட்டித்தான் சரிசெய்யும், அதனால் எடுக்கும்போதே தலைக்கு மேலும் பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டு ஃபிரேம் வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் நகரத் தொடங்குவதற்கு முன்னால் மூன்று நொடி, நின்ற பிறகு மூன்று நொடி, அசையாமல் பிடித்திருங்கள். எடிட்டர் எங்கே வெட்டுவது என்று தேடும்போது அந்த மூன்று நொடிதான் அவருக்குக் கிடைக்கிற இடம்.