வண்டி விற்ற பிறகு சண்டை வந்தால்

வியாசர்பாடியில் பைக்கை விற்றுக் காசும் வாங்கியாச்சு, ஒரு வாரம் கழித்து "எஞ்சின் புகை தள்ளுதுண்ணா, பணத்தைக் குடு" என்று வாங்கியவர் வாசலில் நிற்கிறார் என்றால், முதலில் கத்தாதீர்கள். விற்ற அன்றே நேரம், கிலோமீட்டர், தெரிந்த பழுது எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். பழுதை மறைத்திருந்தால் மெக்கானிக் செலவில் பங்கு கொடுங்கள், அதுதான் நியாயம்.

வாங்கியவர் வண்டியைத் தன் பேருக்கு மாற்றாமல் ஓட்டுவதுதான் பெரிய தலைவலி. வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ நிரப்பி 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் நீங்களே தெரிவியுங்கள். ஆர்சியில் உங்கள் பேர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்கு நீங்கள்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறமும் இழுத்தடித்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.