காய்ச்சலுக்கு லீவ், கல்யாணத்துக்கு லீவ்

தைப்பூசம் நெருங்கினால் என் இன்பாக்ஸ் நிறைந்துவிடும். 1968இல் சிங்கப்பூரின் பொது விடுமுறைப் பட்டியலைச் சுருக்கியபோது தைப்பூசம் அதிலிருந்து விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் காவடி எடுத்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடப்பவரும், கூடவே தண்ணீர் பாட்டிலோடு நடப்பவரும் லீவ் போட்டுத்தான் ஆகவேண்டும். எங்கள் கம்பெனியில் அந்த விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் 'லீவ்' என்ற ஒரு சொல் வந்ததும், அதற்குப் பக்கத்தில் இன், ஆன், ஃபார் போன்ற எந்த பிரெபொசிஷனை வைப்பது என்று தடுமாறிவிடுகிறார்கள். நானும் தடுமாறியவன்தான். அந்தக் கதை அப்புறம்.

அதிகமாக வருவது 'ஐ ஆம் இன் லீவ்'. இதற்குக் காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. பஸ்ஸில் இருக்கிறேன், வீட்டில் இருக்கிறேன், டெக்கா மார்க்கெட்டில் இருக்கிறேன், லீவில் இருக்கிறேன். நமக்கு நான்குக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஆன் த பஸ்', அடுத்தது 'அட் ஹோம்', அதற்கடுத்தது 'அட் டெக்கா', கடைசியாக 'ஆன் லீவ்'. போதாக்குறைக்கு 'இல்'லும் 'இன்'னும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன, கை தானாக அங்கேதான் போகும்.

'ஆன்' ஏன் என்று கேட்டால், அதன் கூட்டாளிகளைப் பாருங்கள்: ஆன் டியூட்டி, ஆன் கால், ஆன் ஸ்டாண்ட்பை, ஆன் ப்ரொபேஷன், ஆன் ஸ்ட்ரைக். எல்லாம் ஒரு ஆள் கொஞ்ச காலத்துக்கு இருக்கும் நிலைமைகள். ரோஸ்டரில் பெயருக்கு நேரே எழுதி வைக்கக்கூடிய நிலைமை என்றால் பெரும்பாலும் 'ஆன்' என்று நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். நாம் அன்றாடம் சொல்லும் 'ஆன் எம்சி'யும் இதே குடும்பம்தான். ஆனால் எம்சி என்றால் மருத்துவச் சான்றிதழ் என்பது வெளிநாட்டு ஆபீஸில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். அவருக்கு எழுதும்போது 'ஆன் சிக் லீவ்' என்று போடுங்கள். இன்னொன்று, 'ஐ ஆம் ஆன் லீவ் ஆன் மண்டே' என்று இரண்டு முறை 'ஆன்' வருவது தப்பில்லை. முதலாவது நிலைமைக்கு, இரண்டாவது கிழமைக்கு. இரட்டிப்பாக இருக்கிறதே என்று ஒன்றை நீக்கிவிடாதீர்கள்.

அடுத்தது 'அப்ளை லீவ்'. இது தமிழர் குற்றம் மட்டுமல்ல, சிங்கப்பூரே இப்படித்தான் பேசுகிறது. லீவ் போடும் ஆப்களிலேயே பல இடங்களில் பொத்தானில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. நாமும் 'லீவ் போடு' என்கிறோம், 'லீவுக்குப் போடு' என்பதில்லை. ஆனால் 'ஃபார்' இல்லாத 'அப்ளை' தடவுகிற வேலை. கோடாலித் தைலத்தை அப்ளை செய்யலாம், லீவை அப்ளை செய்தால் எங்கே தடவுவது? 'அப்ளை ஃபார் லீவ்' என்பதே எழுத்துக்கு ஏற்றது. பக்கத்து மேசைக்காரர் வாய்வழியாகச் சொன்னால் விட்டுவிடுங்கள், நான் அதைத் திருத்துவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், 'ஃபார்' வேண்டாத இடத்தில் அதைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் டூ டேஸ் லீவ்' என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. 'ரிக்வெஸ்ட்' வினைச்சொல்லாக வரும்போது அதற்குத் துணை வேண்டாம், 'ஐ ரிக்வெஸ்ட் லீவ்' போதும். அதே சொல் பெயர்ச்சொல்லானால் துணை வந்தாக வேண்டும்: 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. அந்தப் பெயர்ச்சொல்லின் பழக்கம் வினைக்கும் தொற்றிக்கொள்வதால் வரும் சிக்கல் இது.

இதே வரிசையில் இன்னொரு ஜோடி உண்டு. சட்டப்படி ஒரே முதலாளியிடம் மூன்று மாதம் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு உண்டு. முதல் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள், ஆண்டுக்கு ஒரு நாளாகக் கூடி எட்டாம் ஆண்டில் 14 நாள். இதை ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது 'என்டைட்டில்ட் ஃபார்' என்றும் 'எலிஜிபிள் டு' என்றும் மாற்றிப் போடுகிறார்கள். தமிழில் லீவுக்கு உரிமை, லீவுக்குத் தகுதி, இரண்டுக்கும் 'கு'தான். ஆங்கிலத்தில் உரிமை 'என்டைட்டில்ட் டு', தகுதி 'எலிஜிபிள் ஃபார்'. இதில் தர்க்கம் தேடிப் பயனில்லை, அண்ணன் தம்பி பெயரை நினைவில் வைப்பதுபோல வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

'ஐ ஹேவ் த்ரீ லீவ்ஸ்' என்று எழுதினால் கையில் மூன்று இலை இருக்கிறது என்று ஆகிவிடும். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுப்பதுபோல. 'லீவ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு அனுமதி என்பது பழைய பொருள், அதனால் அதை எண்ணுவதில்லை. நாள்களைத்தான் எண்ணுவார்கள்: 'த்ரீ டேஸ் ஆஃப் லீவ்'. தேசிய சேவை என்று கட்டாயமாக ராணுவத்துக்குப் போய்வந்த பையன்களைக் கேளுங்கள், 'ஆப்சென்ட் வித்தவுட் லீவ்' என்றால் என்ன, அதற்கு என்ன கிடைக்கும் என்று சொல்வார்கள். அங்கே 'லீவ்' இன்னும் அனுமதிதான். அப்புறம், 'ஐ ஆம் ஆன் ஆஃப்' என்பதை விட்டுவிடலாம். 'ஐ ஆம் ஆஃப் டுடே' போதும்.

சரி, என் கதை. சில வருடங்களுக்கு முன் திருச்சிக்குப் போக, 10 முதல் 14 வரை என்ற பொருளில் 'ஆன் லீவ் ஃப்ரம் த டென்த் டு த ஃபோர்டீன்த்' என்று எழுதிக் கொடுத்தேன். நான் நினைத்தது 15ஆம் தேதி வேலைக்கு வருவதாக. என் மேலதிகாரி புரிந்துகொண்டது 14ஆம் தேதி காலை ஷிஃப்டில் நான் நிற்பதாக. நான் அப்போது பெரியம்மா வீட்டில் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தேன். இலக்கணம் சரி, ஆனால் கடைசி நாள் உள்ளேயா வெளியேயா என்று 'டு' சொல்வதில்லை. அன்றிலிருந்து 'பேக் அட் வொர்க் ஆன் த ஃபிஃப்டீன்த்' என்று கூடவே எழுதிவிடுகிறேன்.

தேதியில் இலக்கணமே தவறும் இடங்களும் உண்டு. புதன் வரை என்றால் 'அன்டில்' அல்லது 'டில்', புதனுக்குள் என்றால் 'பை'. 'ஐ வில் பி ஆன் லீவ் பை வெட்னஸ்டே' என்று எழுதினால், புதன்கிழமைக்குள் லீவில் போய்விடுவேன் என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். நேற்றிலிருந்து லீவில் இருப்பவர் 'ஐ ஆம் ஆன் லீவ் ஃப்ரம் யெஸ்டர்டே' என்று எழுதக் கூடாது. 'ஐ ஹேவ் பீன் ஆன் லீவ் சின்ஸ் யெஸ்டர்டே' என்பதுதான் முறை. நாளையிலிருந்து என்றால் 'ஃப்ரம் டுமாரோ' தாராளமாகப் போடலாம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நுட்பமான தவறு தலைப்பில் இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு லீவ், காய்ச்சலுக்கு லீவ். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க்கு'. ஆனால் கல்யாணம் நோக்கம், நாம் அதற்குப் போகிறோம். காய்ச்சல் காரணம், அது நம்மிடம் வந்துவிட்டது. 'லீவ் ஃபார் மை சிஸ்டர்ஸ் வெட்டிங்' சரியாக இருக்கிறது. 'லீவ் ஃபார் ஃபீவர்' என்றால் காய்ச்சலில் கலந்துகொள்ளப் போவதுபோலத் தொனிக்கும். 'பிகாஸ் ஆஃப் ஃபீவர்' என்று எழுதலாம். நான் விரும்புவது 'ஐ ஆம் டவுன் வித் ஃபீவர் அண்ட் வில் பி ஆன் சிக் லீவ் டுடே'. சொந்தமாக எழுதும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். தமிழில் 'அதற்காகப் போகிறேன்' என்று சொல்ல முடிந்தால் 'ஃபார்'. 'அதனால் வர முடியவில்லை' என்றுதான் சொல்ல முடியுமென்றால் 'பிகாஸ் ஆஃப்'. தைப்பூசம் இதில் தேறிவிடும், பல் டாக்டரும் தேறிவிடுவார், பல்வலி தேறாது.

இந்தச் சோதனை சாவு வீட்டில்தான் கடுமையாகிறது. 'லீவ் ஃபார் மை கிராண்ட்ஃபாதர்ஸ் டெத்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தாத்தா இறப்பதற்காகவே லீவ் கேட்டதுபோல ஆங்கிலக் காதுக்குக் கேட்கும். 'டெத்' இருக்கும் இடத்தில் 'ஃபியூனரல்' என்று போட்டிருந்தால் 'ஃபார்' அப்படியே நின்றிருக்கும், இறுதிச் சடங்குக்குத்தானே போகிறார். அந்த மெயிலை நான் திருத்தவில்லை. ஒப்புதல் கொடுத்துவிட்டு, தாத்தாவுக்கு எந்த ஊர் என்று தமிழில் கேட்டு எழுதினேன்.